திறன்பேசியும் கண் மருத்துவமும்

 

இந்த அரங்கத்தில் திறன்பேசி இல்லாத கை அரிது. ஸ்மார்ட்போன் என்று எல்லோரும் வழங்கும் அக்கருவியைப் பிள்ளைகள் கையில் எடுத்த மாத்திரத்தில், பெரியவர்கள் சொல்லும் முதற்சொல் "கண் கெட்டுப்போகும்" என்பதே. அச்சொல் முற்றிலும் பிழையன்று. திரையை இமை கொட்டாமல் பார்ப்பதால் கண் உலர்கிறது. பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் நேரம் குறைந்தால் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு மிகுகிறது. ஆயினும் அதே கருவி கண் மருத்துவரின் கைக்கருவிகளுள் ஒன்றாகவும் இன்று இடம் பெற்றுவிட்டது. அது பார்வையை அளக்கிறது. விழித்திரையைப் படம் பிடிக்கிறது. தொலைவில் இருக்கும் மருத்துவருக்கு அப்படத்தை நொடியில் கொண்டு சேர்க்கிறது.

அப்படியானால் அது மருத்துவமனையின் பழைய கருவிகளைவிடத் துல்லியமானதா என்று கேட்கத் தோன்றும். விடை, பலரும் எதிர்பார்ப்பதற்கு மாறானது. துல்லியம் பெரிதும் கூடிவிடவில்லை. சிலவிடத்துச் சற்றே குறையவும் செய்கிறது. அப்படியிருந்தும் பயன் இரு மடங்குக்கு மேல் மிகுந்த இடம் ஒன்று உண்டு. அந்த இடம் ஆப்பிரிக்கக் கண்டத்தின் கென்யா நாடு.

ஆண்ட்ரூ பஸ்டாவ்ரஸ் என்பவர் இங்கிலாந்தில் பயின்ற கண் அறுவை மருத்துவர். சிறுவனாக இருந்த காலத்தில் தமக்குப் பார்வைக்குறை இருப்பதையே அறியாதிருந்தவர். கண்ணாடி அணிந்த பின்னரே மரத்தின் இலைகள் தனித்தனியாகத் தெரிந்தன என்று பின்னாளில் மேடையில் கூறியவர். இலண்டனில் உள்ள பொதுச் சுகாதாரக் கல்வி நிறுவனத்தின் ஆய்வுக்காகக் கென்யாவின் நக்குரு பகுதிக்குக் குடும்பத்தோடு சென்றார். அப்பகுதியில் 100 இடங்களுக்குச் சென்று, முன்னரே ஆய்வு செய்யப்பட்டிருந்த மக்களின் கண்களை மீண்டும் ஆய்ந்து பார்ப்பது பணி. மருத்துவமனையில் இருக்கும் விலையுயர்ந்த, கனத்த கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கரடுமுரடான பாதைகளில் செல்லவேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்தால் அங்கே மின்சாரம் இராது. சில ஊர்களுக்கு நல்ல பாதையும் இராது. ஆனால் அந்த ஊர்களிலும் கைப்பேசிக்குச் சமிக்ஞை இருந்தது. அதைக் கண்ட பிறகே, கைப்பேசியையே கண்ணாய்வுக் கருவியாக்க முடியுமா என்ற எண்ணம் எழுந்தது. 'பீக்' என்ற பெயரில் அவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய செயலிகள் அவ்வாறு பிறந்தவை.

பார்வையை அளப்பது என்றால் எல்லோர் நினைவிலும் வருவது சுவரில் தொங்கும் எழுத்துப் பலகை. மேலே பெரிய எழுத்து, கீழே வர வரச் சிறிய எழுத்து. நெதர்லாந்து நாட்டு மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862-இல் வெளியிட்ட அட்டையின் வழித்தோன்றல் அது. நூற்றறுபது ஆண்டுகளாகப் பயன்பட்டுவரும் ஓர் அட்டை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆனால் அதற்கொரு குறையுண்டு. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று, முன்னால் நிற்பவன் சொல்வதைக் கேட்டே ஐந்தாவது வரியை மனப்பாடம் செய்துவிடுவார்கள்! ஆசிரியப் பணியில் இருந்தோர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வர்.

பீக் செயலியில் ஒரே ஓர் எழுத்துத்தான் திரையில் தோன்றும். ஆங்கிலத்து 'ஈ' எழுத்தின் வடிவம் அது. அதன் மூன்று கால்கள் மேலே, கீழே, இடம், வலம் என்று நான்கு திசைகளில் ஏதேனும் ஒன்றை நோக்கியிருக்கும். ஆய்வுக்கு உட்படுபவர் குறித்த தொலைவில் அமர்ந்து, கால்கள் எந்தத் திசையில் இருக்கின்றன என்று விரலால் காட்டினால் போதும், எழுத்தறிவு வேண்டியதில்லை. ஆய்பவர் திரையைப் பார்ப்பதே இல்லை. திரை எதிரில் இருப்பவரை நோக்கித் திரும்பியிருக்க, அவர் விரல் காட்டிய திசையில் திரையைத் தேய்ப்பது மட்டுமே ஆய்பவர் வேலை. தெரியவில்லை என்று சொன்னால் கைப்பேசியைக் குலுக்கவேண்டும். அவ்வளவே. சரியா தவறா என்பதைச் செயலி தானே கணக்கிட்டு, எழுத்தைச் சிறிதாக்கியோ பெரிதாக்கியோ பார்வையின் அளவைக் கண்டு சொல்லும். ஆய்பவருக்கே சரியான விடை தெரியாதாகையால் அவர் உதவி செய்யவும் வழியில்லை.

இந்தச் செயலியை நக்குருவில் 55 அகவையும் அதற்கு மேலும் ஆன 300 பேரிடம் சோதித்து, 2015-இல் முடிவை வெளியிட்டனர். ஆய்வுக்கூடத் தரத்தில் அமைந்த அட்டை காட்டிய அளவுக்கும் செயலி காட்டிய அளவுக்கும் இடையே இருந்த வேறுபாடு, அட்டையின் ஒரு வரிக்கும் குறைவு. நேரத்தில் பெரிய இலாபம் இல்லை. ஸ்னெல்லன் அட்டைக்கு 82 நொடியும் செயலிக்கு 77 நொடியும் ஆயின. ஆக, அட்டைக்கு நிகரானது என்று மட்டும் நிறுவப்பட்டது. இதோடு நின்றிருந்தால் இது ஒரு புதுமைப் பொருளாகவே முடிந்திருக்கும்.

பயன் மிகுந்த கதை அடுத்த ஆய்வில் இருக்கிறது. கென்யாவின் டிரான்ஸ் நசோயா மாவட்டத்தில் 50 தொடக்கப் பள்ளிகள் தெரிவு செய்யப்பட்டன. கிட்டேல் நகரக் கண் மருத்துவர் ஹிலரி ரோனோ முதன்மையாக நின்று நடத்திய ஆய்வு அது. பள்ளிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. 25 பள்ளிகளில் வழக்கம்போல் அட்டையை வைத்துப் பிள்ளைகளின் பார்வை அளக்கப்பட்டது. குறை இருந்த பிள்ளையிடம் மருத்துவமனைக்குச் செல்லுமாறு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினர். மற்ற 25 பள்ளிகளில் செயலியைக் கொண்டு அளந்தனர். இரு தரப்பிலும் ஆய்ந்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற ஆசிரியர்களே.

செயலி இருந்த பள்ளிகளில் அளப்பதோடு வேலை முடியவில்லை. பார்வைக் குறை தெரிந்த பிள்ளைக்கு ஒரு படம் அச்சிட்டுக் கொடுக்கப்பட்டது. ஒரே காட்சி, இரு வகையில்: நல்ல கண்ணுக்கு அது எப்படித் தெரியும், இந்தப் பிள்ளையின் கண்ணுக்கு எப்படி மங்கலாகத் தெரிகிறது என்று பக்கம் பக்கமாக. தாயும் தந்தையும் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். பெற்றோரின் கைப்பேசிக்கு, பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துவருமாறு குறுஞ்செய்தி சென்றது. வராவிட்டால் மீண்டும் நினைவூட்டும் செய்தி சென்றது. யார் யார் இன்னும் போகவில்லை என்ற பட்டியல் பள்ளிக்கும் கிடைத்தது.

முடிவு 2018-இல் வெளிவந்தது. செயலியால் ஆயப்பட்ட 10,579 பிள்ளைகளுள் 531 பேருக்குக் குறை இருப்பதாகத் தெரிந்தது; அவர்களுள் 285 பேர் எட்டு வாரத்துக்குள் மருத்துவமனை வந்து சேர்ந்தனர். அட்டையால் ஆயப்பட்ட 10,284 பிள்ளைகளுள் 366 பேருக்குக் குறை தெரிந்தது. வந்து சேர்ந்தவர்கள் 82 பேர் மட்டுமே. ஒருபுறம் நூற்றுக்கு 54. மறுபுறம் நூற்றுக்கு 22.

இனித் துல்லியத்தைப் பார்ப்போம். குறை உள்ள பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதில் செயலி நூற்றுக்கு 77 பேரையும், நல்ல ஒளியமைப்புடைய அட்டை நூற்றுக்கு 75 பேரையும் பிடித்தன. வேறுபாடு இல்லையென்றே சொல்லவேண்டும். குறை இல்லாதவரைக் குறை இல்லை என்று சரியாகச் சொல்வதில் அட்டைக்கு நூற்றுக்கு 97, செயலிக்கு 91. அதாவது, தேவையில்லாமல் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் செயலியின் பக்கத்திலேதான் மிகுதி. அளவுகோல் என்ற வகையில் பழைய அட்டை ஒரு படி மேலே நிற்கிறது. ஆனால் பிள்ளைகளை மருத்துவரின் முன் கொண்டுவந்து நிறுத்தியது அட்டையன்று. அந்த மங்கலான படமும் குறுஞ்செய்தியும்.

தமிழில் கண்ணோட்டம் என்றொரு சொல் உண்டு. இந்நாளில் 'பார்க்கும் கோணம்' என்ற பொருளில் அதைச் செய்தித்தாள்கள் வழங்குகின்றன. பழந்தமிழில் அதன் பொருள் இரக்கம். திருக்குறளில் அப்பெயரால் ஓர் அதிகாரமே இருக்கிறது. கென்யாப் பள்ளிகளின் இந்தக் கணக்கைப் படிக்கும்போது அந்தப் பழைய பொருளே நினைவுக்கு வருகிறது. பிள்ளைக்குத் தெரியும் உலகத்தைத் தாய்க்குக் காட்டியதில் கருவியின் நுட்பத்தைவிட அதை வடிவமைத்தவரின் கண்ணோட்டம் பெரிது.

எனினும் மீதிக் கணக்கையும் சொல்லவேண்டும். 531-இல் 285 போக 246 பிள்ளைகள் அத்தனை நினைவூட்டலுக்குப் பிறகும் எட்டு வாரத்துக்குள் வரவில்லை. தொலைவு, பேருந்துச் செலவு, ஒரு நாள் கூலி இழப்பு, கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெடும் என்ற தவறான எண்ணம் என்று இத்தகைய இடங்களில் தடைகள் பல. செய்தி அனுப்பத் தெரிந்த கருவிக்கு அழைத்துச் செல்லக் கை இல்லை.

கென்யாவிலிருந்து சென்னைக்கு வருவோம். பள்ளிப் பிள்ளைக்குத் தேவை கண்ணாடி. நம் இல்லங்களில் நடுத்தர அகவை கடந்தோர் பலருக்கு இருக்கும் சிக்கல் வேறு: நீரிழிவு. சர்க்கரை நோய் என்று சொன்னால்தான் பலருக்கும் விளங்கும். அந்நோய் கண்ணின் உட்புறத்தில் உள்ள விழித்திரையின் நுண்ணிய குருதிக் குழாய்களைச் சிதைக்கிறது. கொடுமை யாதெனில், தொடக்கத்தில் வலியும் இல்லை, பார்வைக் குறையும் இல்லை. செய்தித்தாளைத் தெளிவாகப் படித்துக்கொண்டிருப்பவரின் விழித்திரையிலேயே குருதிக் கசிவு இருக்கலாம். பார்வை மங்கிய பிறகு வருபவர்க்கு லேசர் ஒளியாலும் கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்தாலும் எஞ்சிய பார்வையைப் பெரும்பாலும் காக்கலாம். இழந்த பார்வை முழுதும் திரும்புவது அரிது. கண் கெட்ட பின் சூரிய வணக்கம் என்ற பழமொழி இந்நோய்க்கு அப்படியே பொருந்தும்.

எனவே பார்வை நன்றாக இருக்கும்போதே விழித்திரையைப் பார்க்கவேண்டும். அது எளிதன்று. கண்பாவை என்பது ஒரு சிறிய வாயில். உள்ளே இருட்டு. ஒளியும் அந்த வாயில் வழியாகவே உள்ளே போகவேண்டும். பார்ப்பவரின் பார்வையும் அதே வாயில் வழியாகவே போகவேண்டும். ஒளியைப் பிடித்தால் பார்ப்பவரின் தலை மறைக்கும். தலையை விலக்கினால் ஒன்றும் தெரியாது. செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் தம் கண்ணோக்கிக் கருவியை வெளியிட்டு இச்சிக்கலைத் தீர்த்தார். அதற்கு முன்னர் உயிருள்ள மனிதனின் விழித்திரையை மருத்துவர்கள் தெளிவாகக் கண்டதில்லை.

திறன்பேசியைக் கவனித்தால், அதன் படக்கருவியின் வில்லையும் ஒளிவிளக்கும் ஒன்றை ஒன்று ஒட்டியிருப்பது தெரியும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் தேடிய அமைப்புக்கு அது இயல்பாகவே அணுக்கமானது. கண் மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் 20 டயாப்டர் ஆற்றலுள்ள குவிவில்லையை நோயாளியின் கண்ணுக்கு முன் பிடித்து, சற்றுப் பின்னால் திறன்பேசியைப் பிடித்தால், விழித்திரையின் உருவம் தலைகீழாகத் திரையில் விழும். பழகிய கை வேண்டும். கை நடுங்கினால் படம் இல்லை. இந்த நடுக்கத்தைப் போக்கவே, வில்லையும் ஒளியும் ஒரே கட்டமைப்பில் பொருந்திய கருவிகள் வந்தன. பெங்களூரு நகரத்து ரெமிடியோ நிறுவனம் செய்த 'ஃபண்டஸ் ஆன் ஃபோன்' அவற்றுள் ஒன்று. விழித்திரைப் படம் எடுக்கும் மேசைக் கருவிகள் ஓர் அறையை அடைத்து நிற்க, இது ஒரு பெட்டியில் அடங்கிவிடுகிறது.

சென்னையில் உள்ள மருத்துவர் மோகன் அவர்களின் நீரிழிவு மருத்துவமனையில் இக்கருவியைக் கொண்டு 301 பேரின் விழித்திரைகளைப் படம் பிடித்தனர். அப்படங்களைக் கண் மருத்துவர்களும் பார்த்தனர். 'ஐஆர்ட்' என்ற செயற்கை அறிவு மென்பொருளும் பார்த்தது. மருத்துவர் இராஜலட்சுமி முதன்மை ஆசிரியராக இருந்த அக்கட்டுரை 2018-இல் வெளிவந்தது. பார்வையைப் பறிக்கும் அளவுக்கு முற்றிய விழித்திரை நோயுள்ளவர்களில் நூற்றுக்கு 99 பேரை மென்பொருள் சரியாகக் காட்டிக்கொடுத்தது. அந்நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு 80 பேரை மட்டுமே இல்லை என்று சொன்னது. மற்ற 20 பேரை வீணாக ஐயுற்றது.

இந்த இரண்டாவது எண்ணைக் கண்டு சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு இடமில்லை. வாயிற்காவலன் ஒருவன், கள்வனை உள்ளே விடாதிருக்கும் பொருட்டு நல்லவர் சிலரையும் நிறுத்திக் கேட்டால், வீட்டுக்காரர் அவனை வேலையை விட்டு நீக்கமாட்டார். ஐயுறப்பட்டவர் மருத்துவரிடம் சென்று ஒன்றும் இல்லை என்று அறிந்து திரும்புவார். அவருக்கு ஒரு நாள் நட்டம். தவறவிடப்பட்டவருக்கோ கண் நட்டம். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அப்படங்கள் சொட்டு மருந்திட்டுக் கண்பாவையை விரியச் செய்து, பயிற்சி பெற்றோர் மருத்துவமனையில் எடுத்தவை. விரியாத பாவையிலும், முற்றிய கண்புரையின் பின்னாலும் படம் தெளிவாக விழாது. தெளிவில்லாத படத்தைக் கொடுத்தால் எத்தகைய மென்பொருளும் கைவிரித்துவிடும்.

இன்னொரு பயன், வீட்டிலேயே நிகழக்கூடியது. பிள்ளைச் செல்வம் உள்ள இல்லத்தார் கருதிக் கேட்கவேண்டியது. அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருக்கும் பிரையன் ஷா என்பவரின் ஆண் குழந்தைக்கு, விழித்திரையில் புற்றுநோய் இருப்பது பிறந்த சில மாதங்களில் தெரியவந்தது. குடும்பத்தார் எடுத்த பழைய புகைப்படங்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒளிவிளக்கோடு எடுத்த படங்களில் கண்பாவை சிவந்து தோன்றுவதே இயல்பு. குழந்தையின் பாவை சில படங்களில் வெண்மையாகத் தோன்றியது. முதல் வெண்மை, குழந்தை பிறந்த 12-ஆம் நாளில் எடுத்த படத்திலேயே இருந்தது! வேதியியல் அறிஞராகிய தந்தை, கணினி வல்லுநர்களோடு சேர்ந்து, கைப்பேசியில் உள்ள படங்களைத் தானே துருவிப் பார்த்து வெண்பாவையைச் சுட்டும் செயலி ஒன்றை உருவாக்கினார். இலவசமாகவே வெளியிட்டார்.

கண் நோயுற்ற 20 குழந்தைகளும் நோயற்ற 20 குழந்தைகளுமாக 40 பேரின் 52,982 குடும்பப் படங்களில் அச்செயலி சோதிக்கப்பட்டது. நோயுற்ற குழந்தைகளுள் நூற்றுக்கு 80 பேருக்கு, மருத்துவர் நோயைக் கண்டறிவதற்குச் சராசரியாக 1.3 ஆண்டுக்கு முன் எடுத்த படங்களிலேயே வெண்மையை அது கண்டது என்று 2019-இல் எழுதினர். ஐந்து அகவைக்கு உட்பட்ட குழந்தைகளையே பெரும்பாலும் தாக்கும் அப்புற்றுநோயில் ஓர் ஆண்டு என்பது கண்ணுக்கும் உயிருக்கும் இடைப்பட்ட தூரம்.

தாய்மார்கள் இதைக் கேட்டு அஞ்சவேண்டாம். குழந்தை சற்றே பக்கவாட்டில் பார்க்கும்போது எடுத்த படத்தில், நோய் ஏதுமின்றியே பாவை வெளுத்துத் தோன்றுவதுண்டு. பார்வை நரம்பின் முனையில் ஒளி பட்டுத் திரும்புவதால் அது நேர்கிறது. பிள்ளைகளுக்கு வரும் கண்புரையாலும் வெண்மை தோன்றும். ஆகவே ஒரு படத்தை வைத்து முடிவு கட்டலாகாது. ஆனால் மீண்டும் மீண்டும் ஒரே கண்ணில் வெண்மை தோன்றினால், அந்தப் படத்தோடு குழந்தையைக் கண் மருத்துவரிடம் காலந்தாழ்த்தாது கொண்டுசெல்லவேண்டும். இதற்குச் செயலி கூட வேண்டியதில்லை. பார்க்கத் தெரிந்த பாட்டி ஒருவர் போதும்.

இனித் திறன்பேசியால் ஆகாதவை. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னவை அனைத்தும் தீங்காய் முடியும்.

பார்வையை அளக்கும் செயலிகள் இன்று பல. உலக சுகாதார நிறுவனமே இலவசமாக ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அவை எழுத்து தெரிகிறதா என்று மட்டுமே அளப்பன. எழுத்து தெரிவதும் கண் நலமாக இருப்பதும் ஒன்றல்ல. கண் நீர் அழுத்த நோய் என்று வழங்கும் குளுக்கோமா, பார்வைப் பரப்பின் ஓரங்களை முதலில் தின்கிறது. நடுப்பார்வை கடைசிவரை தெளிவாக இருக்கும். அந்நோயாளி செயலியின் கடைசி எழுத்தைக்கூடச் சரியாகக் காட்டிவிட்டு, எனக்கொன்றும் இல்லை என்று எழுந்துபோவார். அந்நோயால் இழந்த பார்வை திரும்புவதே இல்லை. கண்ணின் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பார்வைப் பரப்பையும் மருத்துவர் ஆய்ந்தால்தான் அது புலப்படும். பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ அந்நோய் இருந்தால் மற்றவர்க்கும் வரும் வாய்ப்பு மிகுதி. நெருங்கிய உறவுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்கள் தம் முன்னோர்க்கு இருந்த கண் நோயின் பெயரையேனும் அறிந்து வைத்திருப்பது நன்று. "தாத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் போயிற்று" என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்குப் போதாது. புரையா, அழுத்தமா, சர்க்கரையா என்பது வேண்டும்.

சிவந்த கண்ணைப் படம் பிடித்து, வெளியூரில் இருக்கும் மருத்துவ உறவினர்க்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, என்ன மருந்து போடலாம் என்று கேட்கும் வழக்கம் வந்துவிட்டது. 2020 மார்ச்சில் இந்திய அரசு தொலைமருத்துவத்துக்கு நெறிமுறை வகுத்தபின் காணொளி வழியாக ஆலோசனை பெறுவது முறையான ஒன்றாகியும் விட்டது. தவறில்லை. ஆனால் கண் சிவப்பதற்குக் காரணம் ஒன்றல்ல. சாதாரணக் கண்வலியும் சிவப்பு. கருவிழிப் புண்ணும் சிவப்பு. திடீரென ஏறிய கண்ணழுத்தமும் சிவப்பு. நெல் தூற்றும்போதோ கரும்பு வெட்டும்போதோ உமியும் தோகையும் பட்டு, கருவிழியில் பூஞ்சைப் புண் வருவது தென்னாட்டு உழவர்களிடையே மிகுதி. அந்நிலையில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை இட்டால், எரிச்சல் தணிந்ததுபோல் தோன்றும். புண்ணோ உள்ளே பரவும். வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைக் காணக் கூசுதல், அடிபட்டிருத்தல் ஆகிய இவற்றுள் ஒன்று இருந்தாலும் படம் அனுப்பிக் காத்திருக்கும் நேரமன்று அது. வண்டி ஏறும் நேரம்.

கண்பயிற்சி செய்தால் கண்ணாடியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று விளம்பரம் செய்யும் செயலிகளுக்குப் பணம் கட்டவேண்டாம். இதைப் பற்றி இதற்கு மேல் சொல்லத் தக்கது இல்லை.

கருவிக்கும் மருத்துவருக்கும் நடுவே பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தால் பயன் பெருகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1976-இல் மருத்துவர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் சிற்றூர்ப்புறங்களில் பார்வை மையங்களை நடத்திவருகிறது. அங்கே மருத்துவர் இல்லை. பயிற்சி பெற்ற பணியாளர், பெரும்பாலும் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த பெண்மக்கள், கண்ணை ஆய்ந்து விவரங்களை அனுப்ப, தொலைவில் இருக்கும் மருத்துவர் காணொளி வழியே நோயாளியோடு பேசி முடிவு சொல்கிறார். கென்யாவில் ஆசிரியர் நின்ற இடத்தில் இங்கே அந்தப் பெண்மணி நிற்கிறார். அடுத்த முறை வரவேண்டியவர் வரவில்லையென்றால், ஏன் வரவில்லை என்று கேட்க அந்த ஊரில் ஒருவர் இருக்கிறார்.

இனி இல்லத்தில் செய்யத்தக்கவை சில. பார்வை அளக்கும் செயலியைப் பயன்படுத்துவோர், செயலி சொல்லும் தொலைவை நாடாவால் அளந்து வைக்கவேண்டும், கண்ணளவு உதவாது. திரையின் ஒளியை முழுமையாக ஏற்றவேண்டும். தொலைவுப் பார்வைக்குக் கண்ணாடி அணிபவர் அதை அணிந்தே பார்க்கவேண்டும். முதன்மையானது, ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே அளப்பது. ஒரு கண் முற்றும் மங்கியிருப்பதை மற்றக் கண் பல ஆண்டுகள் மறைத்து வைத்திருக்கும். உள்ளங்கையால் மூடுக; விரல்களால் மூடினால் பிள்ளைகள் இடுக்கு வழியே பார்ப்பர்.

முகாம்களில் விழித்திரையைப் படம் பிடித்தால், அப்படம் யாரிடம் போகிறது, யார் பார்த்து முடிவு சொல்வார், முடிவு எத்தனை நாளில் எந்த எண்ணுக்கு வரும் என்று கேட்டு அறிக. அப்படம் நோயாளியின் உடைமை. ஊர்க் குழுக்களில் பகிரும் பொருளன்று. கொடுக்கும் கைப்பேசி எண் அன்றாடம் வீட்டில் இருப்பவருடையதாக இருக்கட்டும். அயலூரில் வேலை பார்க்கும் மகனின் எண்ணைக் கொடுத்துவிட்டு, நினைவூட்டும் செய்தி அவனுக்குப் போய், அவன் அலுவலகத்தில் மறந்துவிடுவது நிகழக்கூடியதே.

நீரிழிவு உள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டுக. நடுவயதில் வரும் வகையாயின் நோய் தெரிந்த அன்றே முதல் ஆய்வு. இளமையில் தொடங்கி இன்சுலினால் வாழும் வகையாயின் ஐந்து ஆண்டுக்குள். அந்த நாளைத் திறன்பேசியின் நாட்காட்டியில் குறித்து, ஒரு வாரம் முன்னதாக மணி அடிக்குமாறு வைத்துவிடலாம். பெரியவர்களுக்கு இதைச் செய்துகொடுப்பது பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு நிமிட வேலை. மருத்துவமனைக்குப் போகும் அன்று துணைக்கு ஒருவர் வேண்டும். பாவையை விரிக்கும் மருந்து இட்டபின் சில மணி நேரத்துக்குப் பார்வை கலங்கியிருக்கும்; வெயில் கூசும்; வண்டி ஓட்டலாகாது. பழைய மருந்துச் சீட்டு, இப்போது அணியும் கண்ணாடி, அண்மையில் எடுத்த சர்க்கரை அளவு, ஒரு வெயில் கண்ணாடி ஆகியவற்றை முதல் நாள் இரவே பையில் எடுத்து வைத்துவிடுக.